வழங்கும் கையும் வழக்குரைக்கும் நாவும்

ஒருவருக்கு உணவும் உறையுளும் மருந்தும் கொடுக்கின்ற கை ஒன்று. அவை அவருக்கு ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்று எடுத்துரைக்கின்ற நா மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே உடம்பில் இருத்தல் கூடுமா? மாற்றுவலுவுடையோரின் நலனுக்கென அரசாங்கங்கள் நிலையங்களையும் திணைக்களங்களையும் அமைக்கத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த வினா தொடர்ந்து எழுந்து வந்திருக்கின்றது. அதற்குச் சில நாடுகளின் அனுபவம் தந்த விடை யாது என்பதே இப்பேச்சின் பொருளாகும்.

'அப்புக்காத்து' என்னும் சொல்லை இலங்கைத் தமிழருள் முதியோர் நன்கு அறிவர். 1974 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்புக்காத்துமாரும் பிரக்கிராசிமாரும் சட்டத்தரணிகள் என்ற ஒரே வகுப்பினராக ஆக்கப்படும் வரையில், நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடுபவருக்கு அதுவே பெயராக இருந்தது. அச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'பக்கத்தில் வந்து நிற்குமாறு அழைக்கப்பட்டவர்' என்பது அதன் பொருள். தனக்காகத் தானே வாதாட வாய்ப்பில்லாத ஒருவரின் பக்கத்தில் வந்து நிற்பதே அவர் தொழில்.

அப்படியாயின், மாற்றுவலுவுடையோருக்காக அரசாங்கமே ஒரு வழக்குரைப்போர் அலுவலகத்தை அமைப்பது என்றால் என்ன? அரசாங்கம் தன் பணத்தைக் கொடுத்து, தன் திணைக்களங்களுக்கு எதிராகவே பேசுவதற்கு ஒருவரை நியமிப்பது என்பதே அது. கேட்பவருக்கு இது முரணாகத் தோன்றலாம். ஆயினும் புதுமையான முரண் அன்று. அரசாங்கத்தின் கணக்கிலுள்ள பிழைகளை எடுத்துக்காட்டும் கணக்காய்வாளர் நாயகத்துக்கும் பொதுப்பணத்திலிருந்தே சம்பளம் வழங்கப்படுகிறது. பணத்தைக் காப்பதற்கு இத்தகைய ஏற்பாடு வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும் உலகம், மனிதரைக் காப்பதற்கும் அது வேண்டும் என்று ஒப்புக்கொள்ள நெடுங்காலம் எடுத்தது. அந்தப் பாடத்தை மிகுந்த விலை கொடுத்துக் கற்ற இடங்களுள் ஒன்று ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலம்.

நியூயோர்க் நகரைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில் வில்லோபுறூக் என்னும் அரச நிலையம் ஒன்று இருந்தது. அது அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பாடசாலையாகும். ஏறத்தாழ நாலாயிரம் பேருக்காகக் கட்டப்பட்ட அந்நிலையத்தில் 1965 ஆம் ஆண்டளவில் ஆறாயிரம் பேர் அடைக்கப்பட்டிருந்தனர். மூதவை உறுப்பினராயிருந்த ரொபேட் கென்னடி அவ்வாண்டில் அங்கே சென்று பார்த்து, அதனைப் பாம்புகள் நிறைந்த குழிக்கு ஒப்பிட்டுக் கண்டித்தார். செய்தித்தாள்கள் எழுதின, மக்கள் வருந்தினர், பின்னர் மறந்தனர். இதனிலும் கொடியது ஒன்று அங்கே நிகழ்ந்து கொண்டிருந்தது. 1950 களின் நடுப்பகுதியிலிருந்து பல ஆண்டுகளாக, ஈரலழற்சி நோயை ஆராய்வதற்காக அங்கிருந்த பிள்ளைகள் சிலருக்கு வேண்டுமென்றே அந்நோய்க் கிருமிகள் ஊட்டப்பட்டன.

1972 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஜெரால்டோ றிவேரா என்னும் தொலைக்காட்சிச் செய்தியாளர், அந்நிலையத்திலிருந்து வேலை நீக்கப்பட்ட மருத்துவர் ஒருவரின் துணையோடு, படப்பிடிப்புக் கருவியுடன் உள்ளே நுழைந்தார். ஆடையின்றியும் அழுக்கிலும் கிடந்த பிள்ளைகளை நாடு முழுவதும் கண்டது. அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெற்றோர் சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 1975 இல் இரு தரப்பாரும் உடன்பட்ட தீர்ப்பு ஒன்று பதிவாயிற்று. அங்கிருந்தோரைச் சமூகத்தின் நடுவே சிறு இல்லங்களில் குடியமர்த்த வேண்டுமென அத்தீர்ப்பு வகுத்தது. இறுதியாக 1987 இல் வில்லோபுறூக் மூடப்பட்டது.

இவ்வரலாற்றில் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வில்லோபுறூக்கை நடத்தியது மாநில அரசாங்கம். அதனை மேற்பார்வை செய்ய வேண்டியதும் அதே அரசாங்கத்தின் திணைக்களம். நிலையத்தின் குறைகளை அத்திணைக்களம் அறியாமல் இல்லை. ஆனால் அக்குறைகளை உரக்கக் கூறுவது தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதாகும். ஆதலால் உண்மை வெளிவருவதற்கு ஒரு மூதவை உறுப்பினரின் வருகையும், வேலையிழந்த ஒரு மருத்துவரின் துணிவும், ஒரு செய்தியாளரின் கருவியும் தேவைப்பட்டன. இவை யாவும் தற்செயலாய் நேர்ந்தவை. ஆறாயிரம் உயிர்களின் நலன் தற்செயலை நம்பியிருத்தல் முறையன்று.

இவ்வுண்மையை உணர்ந்த அமெரிக்கப் பாராளுமன்றம் 1975 இல் ஒரு சட்டம் இயற்றியது. நியூயோர்க்கைச் சேர்ந்த மூதவை உறுப்பினர் ஜேக்கப் ஜாவிட்ஸ் அதற்காகப் பெரிதும் உழைத்தவர்களுள் ஒருவர். வளர்ச்சிக் குறைபாடுடையோருக்காக மத்திய அரசு வழங்கும் பணத்தைப் பெற விரும்பும் மாநிலம் ஒவ்வொன்றும், 1977 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்துக்குள், அவர்களைப் பாதுகாத்து அவர்களுக்காக வழக்குரைக்கும் அமைப்பு ஒன்றை நிறுவ வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அவ்வமைப்புக்கு இரண்டு இலக்கணங்கள் கூறப்பட்டன. ஒன்று, அது நீதிமன்றத்துக்குச் செல்லும் அதிகாரம் உடையதாய் இருத்தல் வேண்டும். மற்றொன்று, சிகிச்சையோ சேவையோ வழங்கும் எந்த மாநிலத் திணைக்களத்தினின்றும் அது வேறுபட்டதாய் இருத்தல் வேண்டும். வழங்கும் கை வேறு, வழக்குரைக்கும் நா வேறு என்பது அன்று சட்டமாயிற்று. 1986 இல் வேறொரு சட்டத்தின் மூலம் மனநோயாளருக்கும் இப்பாதுகாப்பு விரிந்தது.

சட்டம் இயற்றியவுடன் எல்லாம் செம்மையாயின என்று எண்ணுதல் தவறு. வில்லோபுறூக் தீர்ப்பு நிறைவேறுகின்றதா என்று கவனிக்க எழுவர் கொண்ட மேற்பார்வைக் குழு ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. அது கடமையைச் செய்தது, குறைகளைக் கூறியது. 1980 இல் நியூயோர்க் சட்டசபை அதற்குப் பணம் ஒதுக்க மறுத்துவிட்டது. குழுவைக் கலைக்க ஒரு சட்டமும் தேவைப்படவில்லை. பணப்பையின் வாயைக் கட்டியதே போதுமாயிற்று. அயல் மாநிலமாகிய நியூ ஜேர்சியிலும் இவ்வாறே நேர்ந்தது. மனநோயாளர் உள்ளிட்ட பொதுமக்களுக்காக வாதாட 1974 இல் அங்கு நிறுவப்பட்ட பொது வழக்குரைஞர் திணைக்களம் 1994 இல் ஒழிக்கப்பட்டது. 2005 இல் மீண்டும் சட்டத்தால் உயிர்பெற்றது. 2010 இல் மறுபடியும் ஒழிக்கப்பட்டது. அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் அலுவலகம், சிக்கனத்தின் பெயரால் முதலில் பலியாகும் அலுவலகமாக இருப்பது வியப்புக்குரியதன்று.

இனி, அத்தகைய அலுவலகம் துணிவோடு செயற்பட்டால் யாது நிகழும் என்பதற்கு வேர்ஜினியா மாநிலம் சான்று தருகின்றது. அங்கே வழக்குரைக்கும் பொறுப்பு ஓர் அரச அலுவலகத்திடம் இருந்தது. அரச மனநோய் மருத்துவமனைகளில் நிகழ்ந்த இரண்டு மரணங்களையும் ஒருவர் காயமுற்றதையும் ஆராய முற்பட்ட அவ்வலுவலகம், அவை பற்றிய பதிவேடுகளைக் கேட்டது. மருத்துவமனை அதிகாரிகள் கொடுக்க மறுத்தனர். அலுவலகம் அவர்கள் மீது சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. ஒரு மாநிலத்தின் அலுவலகம் அதே மாநிலத்தின் அதிகாரிகளை மத்திய அரசின் நீதிமன்றத்துக்கு இழுக்கலாமா என்ற வினா அந்நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. இழுக்கலாம் என்று 2011 இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் வேர்ஜினியா அப்பொறுப்பை அரச அலுவலகத்திடமிருந்து எடுத்து, இலாபநோக்கற்ற தனி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. நியூயோர்க்கிலும் 2013 இல் அவ்வாறே செய்யப்பட்டது.

அங்ஙனமாயின் அரசாங்கத்துக்குள்ளே இருந்து பேசும் வழக்குரைஞர் வேண்டாமோ என்று நேயர்கள் வினவலாம். வேண்டும் என்பதே விடை. ஆனால் அவரது வேலை வேறு. பேருந்துகள் வாங்கப்படுவதற்கு முன்னரே, சக்கர நாற்காலியோடு ஏறத்தக்க பேருந்தா என்று கேட்க ஒருவர் வேண்டும். கட்டடத்தின் வரைபடம் ஒப்பமிடப்படுவதற்கு முன்னரே சாய்தளம் எங்கே என்று கேட்க ஒருவர் வேண்டும். தேர்வு நடத்துவோர், வாக்களிப்பு நிலையம் அமைப்போர், வெள்ளக் காலத்தில் மக்களை இடம்பெயர்ப்போர் ஆகிய எல்லோருடைய காதிலும் உரிய வேளையில் ஒரு சொல் போட ஒருவர் வேண்டும். இவ்வேலையை வெளியில் நிற்பவர் செய்தல் அரிது. 2022 இல் நியூயோர்க் மாநிலம் மாற்றுவலுவுடையோருக்கான வழக்குரைஞர் அலுவலகம் ஒன்றுக்குத் தலைமை அதிகாரி ஒருவரை நியமித்தபோது இந்நோக்கமே முன்னின்றது. உள்ளே இருப்பவர் தவறு நிகழுமுன் எச்சரிப்பவர். வெளியே இருப்பவர் தவறு நிகழ்ந்தபின் வழக்காடுபவர். ஒருவர் இருக்கின்றார் என்பதற்காக மற்றவர் தேவையில்லை என்று கொள்ளுதல் பிழை.

இப்பிரிவினை இன்று உலக உடன்படிக்கையிலும் இடம்பெற்றுள்ளது. மாற்றுவலுவுடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2007 இல் ஒப்பமிட்டு, 2016 இல் ஏற்று உறுதிசெய்தது. அச்சமவாயத்தின் 33 ஆம் உறுப்புரை மூன்று செய்திகளைக் கூறுகின்றது. அரசாங்கத்துக்குள்ளே இவ்விடயத்துக்குப் பொறுப்பான மையம் இருத்தல் வேண்டும். அதற்கு மேலாக, உரிமைகள் காக்கப்படுகின்றனவா என்று கண்காணிக்கச் சுதந்திரமான பொறிமுறை இருத்தல் வேண்டும். அக்கண்காணிப்பில் மாற்றுவலுவுடையோரும் அவர்களின் அமைப்புகளும் முழுமையாகப் பங்குகொள்ளல் வேண்டும்.

இலங்கையில் இதன் தேவை சிறிதன்று. 2012 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ 16 இலட்சம் பேர், அதாவது நூற்றுக்கு 8.7 பேர், ஏதேனும் ஒருவகை இயலாமையுடன் வாழ்ந்தனர். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தேசிய சபை ஒன்றை நிறுவியதோடு, வேலைக்கு ஆட்சேர்ப்பதிலும் கல்வி நிலையத்தில் அனுமதிப்பதிலும் இயலாமையைக் காரணமாக்கிப் பாரபட்சம் காட்டலாகாது என்றும் விதித்தது. பொதுக் கட்டடங்களுக்குள் யாவரும் செல்லத்தக்க வசதிகள் வேண்டுமென 2006 இல் ஒழுங்குவிதிகள் பிறந்தன. ஆயினும் வர்த்தமானியில் அச்சிட்ட விதி வாயிற்படியில் சாய்தளமாக மாறிவிடவில்லை. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா 2009 இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவொன்றைக் கொண்டுசென்றார். 2011 இல் நீதிமன்றம் அவ்விதிகள் கடைப்பிடிக்கப்பட வேண்டுமெனக் கட்டளையிட்டது.

அம்மனிதரின் விடாமுயற்சி போற்றத்தக்கது. ஆனால் போற்றுவதோடு நின்றுவிடலாகாது. ஒரு நாட்டின் சட்டத்தை அந்நாடே நிறைவேற்றுவதற்கு, தனிமனிதர் ஒருவர் தம் காலத்தையும் உடலையும் செலவிட்டு நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கல்வியும் மொழியறிவும் பெற்று, தலைநகரை அணுகத்தக்க நிலையில் இருந்தவருக்கு அது இயன்றது. போரில் காலிழந்து வன்னியின் உட்கிராமத்தில் வாழும் ஒருவருக்கு, காது கேளாத பிள்ளைக்குப் பாடசாலையில் இடம் மறுக்கப்பட்ட ஒரு தாய்க்கு, மனநோய் விடுதியில் ஆண்டுக்கணக்காய் இருக்கும் ஒருவருக்கு அது இயலுமா? அவர்கள் பக்கத்தில் வந்து நிற்பதற்கே பொது வழக்குரைஞர் ஒருவர் வேண்டும்.

அவ்வாறான அலுவலகம் எங்கே அமைக்கப்படினும், அதன் பெயர்ப்பலகையைக் கண்டு மகிழ்வதற்கு முன் நான்கு வினாக்களைக் கேட்டல் நன்று. அதன் தலைவரை நியமிப்பவர் யார், நீக்கக்கூடியவர் யார்? அதன் பணம் யாருடைய கையிலிருந்து வருகின்றது, விரும்பியபோது நிறுத்தத்தக்கதா? முன்னறிவித்தல் இன்றி நிலையங்களின் கதவைத் திறந்து உள்ளே செல்லவும் பதிவேடுகளைப் பார்க்கவும் அதற்கு உரிமை உண்டா? தேவையேற்படின் அரசாங்கத்தின் மீதே வழக்குத் தொடுக்க அதற்கு இயலுமா? இந்நான்குக்கும் நேரான விடை இல்லாத அலுவலகம், மனுக்களை வாங்கி அடுக்கிவைக்கும் இன்னுமொரு மேசையாக முடியும்.

ஐந்தாவது வினா ஒன்றும் உண்டு. அவ்வலுவலகத்தின் நாற்காலிகளில் இருப்பவர் யாவர்? மாற்றுவலுவுடையோர் வாயற்றவர் அல்லர். அவர்கள் பேசுகின்றனர், கையாலும், எழுத்தாலும், சிலர் பார்வையாலும் பேசுகின்றனர். கேட்க வேண்டியோர் கேட்காததே குறை. ஆகையால் அவர்களுக்காக வழக்குரைக்கும் அலுவலகத்தில் அவர்களும் அமர்தல் வேண்டும். தம் துன்பத்தை அறிந்தவரே தம் வழக்கைத் தெளிவாக எடுத்துரைப்பர்.

நல்ல அரசாங்கம் தவறே செய்யாத அரசாங்கம் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. தன் தவறை எடுத்துக்கூறும் ஒருவருக்குத் தானே சம்பளம் கொடுத்து, அவர் கூறும்போது காதையும் கொடுக்கும் அரசாங்கமே நல்ல அரசாங்கம் எனலாம்.