களம் காயும் நாள்

அட்டைப்பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி ஒட்டிக் கார் மாடல் செய்கிற வேலை உங்களில் பலருக்குப் பழக்கமானதுதான். அதனால் பிசிர் சீவுவது, பசை தொடுவது பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை. இன்று பெயிண்ட். அதுவும் மஸில் கார் என்கிறோமே, அந்தப் பழைய அமெரிக்கக் கார்களின் பெயிண்ட்.

ஒரு வருத்தத்தோடுதான் தொடங்குகிறேன். இப்போது மாடலுக்குத் துருப்பிடித்தாற்போலப் பூசுவதற்குத்தான் மவுசு. யார் மாடலை எடுத்துக் காட்டினாலும் கதவோரம் துரு, பானட்டில் துரு, சக்கரத்தில் சேறு. பழைய லாரிக்கு அது பொருந்தும். காப்பித் தோட்டத்து ஜீப்புக்கும் பொருந்தும். 1968ஆம் வருடத்து டாட்ஜ் சார்ஜருக்குத் துரு எதற்கு? ரிச்சர்ட் சயாஸ் வடிவமைத்த கார் அது. கதவுப் பக்கம் இடுப்பாய் ஒடுங்கி, பின்சக்கரத்துக்கு மேலே தோளாய்ப் புடைத்து எழும். அந்த வளைவை நம் கண்ணுக்குக் காட்டுவதே அதன்மேல் வழுக்கி ஓடும் வெளிச்சம்தான். துருவைப் பூசினால் வெளிச்சம் ஓடாது, வளைவு செத்துவிடும். பல மாடல்களில் அந்தத் துருவுக்கு அடியில் தேய்க்காமல் விட்ட அச்சுக்கோடு ஒளிந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

அதே 1968இல் வந்த 'புல்லிட்' படத்தில் சான் பிரான்சிஸ்கோ மேட்டுத் தெருக்களில் ஒரு துரத்தல் வரும். ஊரெல்லாம் ஸ்டீவ் மெக்வீனின் பச்சை மஸ்டாங்கைப் பார்க்கும். நான் கருப்புச் சார்ஜரை மட்டும்தான் பார்ப்பேன். இன்றும் அப்படித்தான்.

அசல் சார்ஜரின் நீளம் 208 அங்குலம், அதாவது ஐந்தேகால் மீட்டருக்குச் சற்று மேல். மாடலில் இருபத்தைந்தில் ஒரு பங்கு, 21 சென்டிமீட்டர். ஏ.எம்.டி. கம்பெனி 1958இல் கார் கிட் விற்க ஆரம்பித்த காலத்திலிருந்து அமெரிக்கக் கார்களுக்கு இந்த அளவுதான் வழக்கம்.

இப்போது ஒரு கணக்கு. காதைக் கொஞ்சம் கொடுங்கள். அசல் காரின் மேல் உள்ள பெயிண்ட், பிரைமர் எல்லாம் சேர்த்து மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் இருக்கும். அதே கனத்தை மாடலில் அடித்தால் என்ன ஆகும்? அசல் காருக்கு இரண்டரை மில்லிமீட்டர் பூசியதற்குச் சமம். சுவருக்குப் பூச்சு வைத்தாற்போலத்தான். கதவு இடுக்கு அடைபடும், எழுத்து மழுங்கும். மெட்டாலிக் பெயிண்ட்டிலும் இதே சங்கதிதான். பட்டறையில் மிஞ்சிய கார் பெயிண்ட்டை அடித்தால் அதன் மினுக்குத்தூள் ஒவ்வொன்றும் கூழாங்கல் மாதிரி தெரியும். ஆகவே மெல்லிய கோட், நீண்ட காத்திருப்பு. மறுபடியும் சொல்கிறேன்: மெல்லிய கோட், நீண்ட காத்திருப்பு.

நான் தொழில் கற்றது சேலத்தில் ஒரு டிங்கரிங் பட்டறையில். பட்டி வைக்கவும் வாட்டர் பேப்பர் போடவும் அங்கேதான் பழகினேன். அடிப்பது கால் வேலை, தேய்ப்பது முக்கால் வேலை என்பார் எங்கள் மேஸ்திரி. அந்தக் கையோடு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குக் குடிவந்தேன். கீழே சரியாக வந்த கை மேலே வரவில்லை. ஒரு கார்த்திகை மாதத்துச் சாயங்காலம் என் முதல் சார்ஜருக்குச் சிவப்பு அடித்தேன். கண் முன்னாலேயே பால் ஊற்றினாற்போல வெளுத்துப் போனது. அன்று ஏரி முழுக்க மூடுபனி.

பக்கத்து எஸ்டேட் களத்தில் காப்பி காயப்போடும் பெரியவரிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, காப்பிக்கொட்டை காயாத நாளில் சாயம் மட்டும் காயுமா?" என்றார்.

அதில் எல்லாமே அடங்கியிருந்தது. தின்னர் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொண்டு போகிறது. பெட்ரோல் கையில் பட்டால் சில்லென்று இருக்கிறதே, அதேதான். பெயிண்ட்டின் மேல்பரப்பு குளிர்ந்ததும் காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. அதுதான் அந்த வெளுப்பு. 1,500 மீட்டர் உயரத்தில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அன்று முதல் களத்தைப் பார்த்துத்தான் நான் டப்பாவைத் திறக்கிறேன். மார்கழி, தை மாதங்களில் தோல் நீக்கிக் கழுவிய கொட்டையைப் பரப்பி, பலகையால் புரட்டிவிடுவார்கள். தொட்டால் கொட்டை சூடாக இருக்க வேண்டும். அப்போது, காலை பத்துக்கு மேல், ஸ்பிரே டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி எடுப்பேன். வெதுவெதுப்புதான், அடுப்புப் பக்கமே போகக் கூடாது. முதல் கோட் வெறும் தூவல். அடியில் பிரைமர் தெரிந்தால் தெரியட்டும். கால் மணி நேரம் விட்டு அடுத்தது. அதற்குப் பின் இன்னொன்று. களத்தில் தார்ப்பாய் போட்டு மூட ஆரம்பித்தால் நானும் மூடிவிடுவேன், ஒரு கோட் பாக்கி இருந்தாலும் சரி.

பிறகு ஒரு வாரம் தொடமாட்டேன். அதன் பின் 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் சோப்புத் தண்ணீர் தொட்டு, விளிம்புகளை விட்டுவிட்டுத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டுத் துடைத்தால் ஜன்னல் கம்பி அந்தப் பின்தோளில் வளைந்து தெரியும். குரோம் ஓரங்களுக்கு மெல்லிய அலுமினியத் தாள் ஒட்டினால் போதும். அது ஒரு நாள் வேலை.

முன்பு வெளுத்துப் போன மாடல் வைத்திருப்பவர்கள் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வெயில் நாளில் மெதுவாக உலரும் தின்னரை லேசாக விசிறினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். என் முதல் சிவப்புச் சார்ஜர் அப்படித்தான் தெளிந்தது. இன்றும் என் மேசை மேல் நிற்கிறது, ஒரு பொட்டுத் துரு இல்லாமல்.