புளியும் மஞ்சளும் படும் கல்



கையில் ஒரு சிறு தொகையை வைத்துக்கொண்டு வீட்டைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் பலரும் முதலில் பார்ப்பது சமையலறையை. அங்கே பெரிய செலவுகளில் ஒன்று அடுப்பு மேடை. கல் கடைக்குப் போனால் பளபளவென்று வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள். பார்த்ததும் மனம் நிறத்தின் பின்னால் போய்விடும். அதற்கு முன் உங்கள் மேடைமேல் தினமும் என்னென்ன சிந்துகிறது என்று யோசித்துப் பாருங்கள். புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு, மோர், தக்காளி. பிறகு மஞ்சள்தூள், எண்ணெய். அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே வைக்கிற குக்கர். நம் சமையலின் புளிப்பையும் கறையையும் சூட்டையும் தாங்குகிற கல்தான் நமக்கு வேண்டும். அப்படிப்பட்ட கல் விலை குறைந்த வரிசையிலேயே கிடைக்கிறது.

பழைய வீடுகளில் பெரும்பாலும் கடப்பா கல் மேடைதான். ஆந்திராவின் கடப்பா பக்கத்திலிருந்து வருகிற கறுப்புக் கல் அது. விலை மலிவு, பார்வைக்கும் அழகு. ஆனால் அது சுண்ணாம்புக்கல் வகை. புளிப்பு பட்டால் சுண்ணாம்பு கரையும். எலுமிச்சையை நறுக்கி வைத்த இடம் வெளுத்துப்போய்த் திட்டாகத் தெரிவது அதனால்தான். எத்தனை தேய்த்தாலும் அது போகாது. அழுக்காக இருந்தால்தானே போகும், அங்கே கல்லின் மேல்தோலே அரித்திருக்கிறது. ஆகவே மேடையின் மேற்பரப்புக்குக் கடப்பா வேண்டாம் என்பேன். மேடைக்கு அடியில் தாங்குகல்லாகவும், பாத்திரம் அடுக்கும் தட்டுகளாகவும் அதைத் தாராளமாகப் போடுங்கள். அங்கே அது பல்லாண்டு உழைக்கும். மார்பிளும் இதே சுண்ணாம்பு வழிதான். வெள்ளையாக இருப்பதால் மஞ்சள் கறையும் சேர்ந்துகொள்ளும்.

கிரானைட் வேறு இனம். குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்ந்த கல். தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் சுண்ணாம்புக்கல்லின் கால்சைட் 3, குவார்ட்ஸ் 7. எலுமிச்சையும் புளியும் கிரானைட்டை ஒன்றும் செய்யாது, சூடான சட்டியை வைத்தாலும் தாங்கும். இந்தக் கல் நமக்குத் தூரத்துப் பொருளும் இல்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று நம் மாவட்டங்களிலேயே வெட்டுகிறார்கள். காஷ்மீர் ஒயிட் என்று பெயர் சொல்லி விற்கிற வெளிர்நிறக் கல்கூட மதுரைப் பக்கத்துக் கல்தான். ஆகவே பெயரைக் கேட்டு விலை கொடுக்காதீர்கள். வெளிர்நிறக் கற்களில் பல, எண்ணெயையும் மஞ்சளையும் சற்றே உறிஞ்சும். அடர்நிறத்தில், அருகில் வெட்டுகிற, கடையில் நிறையக் கையிருப்பு உள்ள ஒன்றைக் கேளுங்கள். விலையும் இறங்கும், கறையும் தெரியாது.

வாங்கும் முன் கல்லின்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கால் மணி நேரம் விடுங்கள். துடைத்த பிறகு அந்த இடம் இருண்டு தெரிந்தால் கல் உறிஞ்சுகிறது என்று பொருள். கறுப்புக் கல் என்றால், வெள்ளைத் துணியில் நகப்பூச்சு நீக்கும் திரவத்தை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் அது சாயம் ஏற்றிய கல். அதைத் தொடாதீர்கள்.

இனி பணம் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் அளவில்தான். எல் வடிவ மேடை என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 10 அடி, இன்னொரு பக்கம் 6 அடி, அகலம் 2 அடி. பத்தையும் ஆறையும் கூட்டி இரண்டால் பெருக்கினால் 32 சதுர அடி வரும். ஆனால் மூலையை இரண்டு தடவை எண்ணிவிட்டோம். உண்மையில் 28 சதுர அடி போதும். சதுர அடி 150 ரூபாய் என்றாலும் அந்த நான்கு சதுர அடிக்கு 600 ரூபாய். கூலியையும் சதுர அடிக் கணக்கில் பேசியிருந்தால் அங்கேயும் இழப்பு. இன்னொன்று, இரண்டடி மேடைக்கு மூன்றடி அகலக் கல் வாங்கினால் ஓரடி மிச்சம் விழும். பணம் கொடுத்த கல் அது. ஜன்னல் திண்டுக்கோ, அடுப்புக்குப் பின்சுவரின் அடிப்பட்டைக்கோ போட முன்கூட்டியே கணக்கிட்டு வையுங்கள். சின்னச் சமையலறை என்றால், பெரிய வேலைகளில் மிஞ்சிய கட் பீஸ் இருக்கிறதா என்று கடையில் கேட்கத் தயங்க வேண்டாம்.

முன்விளிம்பை உருட்டி மெருகேற்றும் மோல்டிங்குக்கு அடிக்கணக்கில் தனிக் கூலி. இரண்டு பட்டை, மூன்று வளைவு என்றெல்லாம் படம் காட்டுவார்கள். கூர்முனை மழுங்க எளிய ஒரு வளைவு போதும். அடுப்பைக் கல்லுக்குள் பதிக்க வெட்டுவதும் செலவுதான். வெட்டிய இடத்தின் முன்னும் பின்னும் கல் ஒடுங்கி, விரிசலுக்கு வழி வைக்கும். சாதாரண அடுப்பை மேடைமேல் வைத்துச் சமைப்பதில் எந்தக் குறையும் இல்லை.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: பழைய மேடையை உடைக்கத்தான் வேண்டுமா? அடித்தளம் உறுதியாக இருந்தால், பழைய கல்லின்மேலேயே புதிய கிரானைட்டை ஒட்டலாம். இடிப்புக் கூலி, குப்பை அள்ளும் வண்டி, புதிய கட்டுமானம் எல்லாம் மிச்சம். மேடை முக்கால் அங்குலம், ஓரங்குலம் உயரும், அவ்வளவுதான். சமைப்பவரை அங்கே நிற்க வைத்துப் பாருங்கள். முழங்கையை மடக்கி நின்றால், மேடை அதற்கு நான்கைந்து அங்குலம் கீழே இருக்க வேண்டும். தாழ்ந்த மேடையில் வருடக்கணக்காகக் குனிந்து நறுக்கியவர்களின் இடுப்பு வலிக்கு எந்தப் பளபளப்பும் மருந்தாகாது. ஆகவே இந்த ஓரங்குல உயர்வு பல வீடுகளில் நன்மையாகவே முடியும்.

இப்போது குவார்ட்ஸ் மேடைக்கல் என்று ஒன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. கல்தூளைப் பிசினில் குழைத்து ஆலையில் செய்வது. ஒரே சீரான நிறம், கறையும் எளிதில் பிடிக்காது. ஆனால் அதிலுள்ள பிசின் அதிகச் சூட்டில் நிறம் மாறும்; குக்கரை இறக்கி அப்படியே வைக்கிற நம் பழக்கத்துக்கு ஒத்துவராது. விலையும் கூடுதல். அதை வெட்டும்போது பறக்கிற தூளில் சிலிக்கா மிக அதிகம். அந்தத் தூள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைத் தரும். கல் வெட்டும் தொழிலாளர்கள் பலர் இதற்கு ஆளானதால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைக் கல்லைத் தடை செய்தது.

கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு என்றாலும். நம் வீட்டுக்குக் கல் பதிக்க வருகிறவர் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, சமையலறைக்குள்ளேயே உலர்வாக வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பேரம் பேசும்போதே சொல்லிவிடுங்கள்: முடிந்த மட்டும் கடையிலேயே அளவுக்கு வெட்டி வரட்டும். மீதியை வெளியே வைத்து, தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டட்டும். தூசியைத் தடுக்கும் நல்ல முகக்கவசம் ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுங்கள். மோல்டிங்கில் மிச்சம் பிடித்த பணத்திலேயே அதை வாங்கிவிடலாம்.