அரியணைப் பூசலும் ஈயக் கரையும்



ஐரோப்பியர் தம்முள் நிகழ்த்திய சமயப் போர்களையும் அரச மரபுப் போர்களையும் பற்றி, ஈயம் விளைந்த இக்கிந்தாப் பள்ளத்தாக்கில் அமர்ந்து பேச வேண்டுவதென்ன என்ற ஐயம் எழுவது இயல்பே. பள்ளிப் பாடநூல்களில் அவை ஓர் இயலாகவும், மலாக்காவின் வீழ்ச்சி வேறோர் இயலாகவும் அமைந்துவிட்டன. இரண்டும் ஒரே வரலாறு என்பதே இன்று நாம் சொல்ல வந்த செய்தி.

1578 ஆகஸ்ட் 4 அன்று மொரோக்கோ நாட்டுப் போர்க்களமொன்றில் போர்த்துகல் மன்னர் செபஸ்தியான் மாண்டார். அகவை 24, மகப்பேறு இல்லை. அவருக்குப்பின் அரியணை ஏறிய என்றிக்கு ஒரு கர்தினால், முதியவர், துறவு பூண்ட அவருக்கும் வாரிசு இல்லை. 1580-இல் அவரும் மறையவே, தாய்வழி உரிமை கூறிய ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பு படை அனுப்பிப் போர்த்துகலைத் தம் முடியின்கீழ்க் கொணர்ந்தார். அப்போது பிலிப்பின் ஆட்சியை எதிர்த்து, கால்வினின் சீர்திருத்தச் சமயத்தைத் தழுவிய ஒல்லாந்தர் வடக்கே கிளர்ந்தெழுந்து போரிட்டுக்கொண்டிருந்தனர். முடி ஒன்றானதால் பகையும் ஒன்றாயிற்று. லிஸ்பன் நகரில் மிளகு வாங்கி விற்றுவந்த ஒல்லாந்த வணிகர்க்கு அத்துறைமுகம் நம்பத் தகாததாகிவிடவே, அவர்கள் மிளகு விளையும் நிலத்தைத் தேடித் தாமே கப்பல் ஏறினர். 1602-இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி உருவாயிற்று.

அதே 1578-ஆம் ஆண்டு தமிழர்க்கும் நினைவிற்குரியது. செபஸ்தியான் மாண்டு பதினொரு வாரங்கள் சென்றபின், அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கச் சிறுநூல் தமிழ் எழுத்தில் அச்சேறியது. முத்துக்குளித்துறைப் பரதவ மக்களுக்காக அதனை ஆக்கியவர் என்றிக்கு என்றீக்கசு அடிகளார். இந்திய மண்ணில் இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. சமயப் பிளவினால் ஐரோப்பா தன்னைத்தானே எரித்துக்கொண்டிருந்த காலத்தில், கத்தோலிக்கத் திருச்சபை இழந்த இடத்தைக் கடலுக்கு அப்பால் ஈடுசெய்ய முனைந்த முயற்சியின் ஒரு பயன் அது. நன்மையை நன்மை என்று ஏற்க நமக்குத் தயக்கமில்லை. அது எந்தத் தீயின் வெளிச்சத்தில் பிறந்தது என்பதையும் மறவாதிருந்தால் போதும்.

1603 பெப்ரவரியில் ஜொகூர் ஆற்று முகத்தருகே 'சாந்தா கதரீனா' என்னும் போர்த்துகீசியக் கப்பலை ஒல்லாந்தர் கைப்பற்றினர். சீனப் பட்டும் பீங்கானும் நிறைந்த அச்சரக்கு ஆம்ஸ்டர்டாமில் பெரும் விலைக்கு ஏலம் போயிற்று. இது போர்ச்செயலா, கடற்கொள்ளையா என்ற வினா எழ, கம்பெனியின் பக்கம் வாதிட ஹியூகோ குரோஷியசு என்னும் இளம் வழக்கறிஞர் அமர்த்தப்பட்டார். அவர் எழுதியதில் ஒரு பகுதியே, கடல் எவர்க்கும் உடைமையன்று என நிறுவி 1609-இல் வெளிவந்த நூல். பன்னாட்டுச் சட்டத்தின் தந்தை என அவரை உலகம் போற்றுகிறது. அதற்கு வித்திட்ட கப்பல் நம் நீரிணையின் அருகே பிடிபட்டது என்பதை எத்தனை பேர் அறிவர்? பின்னர் ஒல்லாந்தரின் சீர்திருத்தத் திருச்சபைக்குள்ளேயே எழுந்த பூசலில் அவர் சிறையிடப்பட்டு, 1621-இல் புத்தகப் பெட்டியொன்றினுள் ஒளிந்து தப்பினார். கடலுக்கு விடுதலை கேட்டவர்க்குச் சொந்த ஊரில் விடுதலை இல்லை.

இவற்றைச் சமயப் போர்கள் என்று மட்டும் அழைப்பது பொருந்துமா? பொருந்தாது என்பதே எம் துணிபு. 1618-இல் தொடங்கிய முப்பதாண்டுப் போரில், கத்தோலிக்கப் பிரான்சின் தலைமை அமைச்சர் ரிஷலியூ தாமே ஒரு கர்தினாலாக இருந்தும், சீர்திருத்தச் சமயம் சார்ந்த சுவீடனுக்குப் பொருள் கொடுத்தார். இங்கும் அதுவே நடந்தது. அச்சே சுல்தான் இஸ்கந்தர் மூடா முஸ்லிம். எனினும் 1613-இல் ஜொகூரையும் 1620-இல் பேராக்கையும் தாக்கினார். 1629-இல் அவர் மலாக்காவை முற்றுகையிட்டபோது ஜொகூர் அவருக்குத் துணை வரவில்லை, போர்த்துகீசியர்க்கே உதவிற்று. அதே ஜொகூர் 1640-இல் ஒல்லாந்தரோடு சேர்ந்து போர்த்துகீசியரின் மலாக்காவை வளைத்தது.

அந்த முற்றுகையில் ஒரு கொடுமை உண்டு. 1640 டிசம்பர் 1 அன்று லிஸ்பனில் புரட்சி வெடித்தது. போர்த்துகல் ஸ்பெயினிடமிருந்து பிரிந்தது. ஒல்லாந்தர் போர்த்துகீசியரைப் பகைத்த காரணம் அன்றே அற்றுப்போயிற்று. செய்தி கப்பலில் வர மாதங்கள் பல ஆகும். மலாக்காக் கோட்டைக்குள் மக்கள் பசியாலும் நோயாலும் மடிந்துகொண்டே இருந்தனர்; 1641 சனவரி 14 அன்று நகர் வீழ்ந்தது. செய்தி வந்த பின்னும் எவரும் எதனையும் திருப்பித் தரவில்லை. 1648-இல் ஐரோப்பாவில் அமைதி உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. 1658-இல் யாழ்ப்பாணமும் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் ஒல்லாந்தர் வசமாயின. யாழ்ப்பாணத்தில் போர்த்துகீசியர் 1619-இல் தமிழ் அரசை வீழ்த்தியிருந்தனர். மண்ணின் மக்களைக் கேளாமலே ஆளும் கை மாறிற்று. கத்தோலிக்கக் குருமார் விலக்கப்பட்டனர். 1687-இல் கோவாவின் யோசேப்பு வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் அங்கு வந்து மறைவாகவே திருப்பலி ஒப்புக்கொடுக்க வேண்டியிருந்தது.

இனி நம் பேராக்கிற்கு வருவோம். போர்த்துகீசியரிடம் 1511-இல் மலாக்காவை இழந்த சுல்தான் மகமூதின் மகன் முசபர் ஷா 1528-இல் நிறுவிய அரசு இது. அகதியாய் வந்த அரச மரபு என்றாலும் தகும். கிந்தாவின் ஈயம் ஆற்றுவழியே கடலை அடைந்தது. அதற்கு மாற்றாக வந்தவற்றுள் முதன்மையானது சோழமண்டலக் கரையில் நம் நெசவாளர் நெய்த துணி. பழவேற்காட்டில் 1613-இல் ஒல்லாந்தர் கோட்டை எழுப்பியதன் நோக்கமும் அத்துணியே. ஈயம் முழுவதையும் தமக்கே விற்க வேண்டுமென அவர்கள் நெருக்கினர். 1651-இல் பேராக்கில் இருந்த ஒல்லாந்தர் கொல்லப்பட்டனர். பங்கோர் தீவின் தெலுக் கெடோங்கில் 1670-இல் அவர்கள் கட்டிய கோட்டை இருபது ஆண்டுகளில் மலாய் மக்களால் தாக்கி அழிக்கப்பட்டது. அப்போது பைபிளைப் பற்றியோ போப்பாண்டவரைப் பற்றியோ எவரும் வாதிடவில்லை. வழக்கு ஈயத்தின் விலை மட்டுமே.

அதே தீவின் கடலில் 1874 சனவரி 20 அன்று, பேராக் அரியணைக்கு அப்துல்லாவா இஸ்மாயிலா என்ற பூசலைத் தீர்ப்பதாகச் சொல்லி ஆங்கிலேயர் உடன்படிக்கை செய்தனர். ஒரு வாரிசுப் பூசல் ஒல்லாந்தரை இக்கடலுக்குக் கொணர்ந்தது. மற்றொன்று ஆங்கிலேயரை இந்நிலத்தில் ஆள வைத்தது. அதன் பின்னரே இரயில்பாதையும் இரப்பர்த் தோட்டமும், அவற்றோடு நம் பாட்டன்மாரும் வந்தனர்.

மலாக்கா செல்லும் அன்பர்கள் தங்கக் கொல்லர் தெருவில் சற்று நிற்பார்களாக. முதலில் கத்தோலிக்கரை ஒடுக்கிய ஒல்லாந்தர், 1710-இல் அந்நகரில் புனித பேதுரு ஆலயம் எழ இசைந்தனர். இத்தெருவில் 1748-இல் பள்ளிவாசல் எழுந்தது. தெய்வநாயகம் செட்டி அவர்களுக்கு ஒல்லாந்தர் அளித்த நிலத்தில் 1781-இல் பொய்யாத விநாயகர் கோயில் எழுந்தது. அப்பிள்ளையார்க்கு மலாக்காச் செட்டி மக்கள் இன்றும் வழிபாடு செய்துவருகின்றனர்.