சத்தம் நின்றாலும் சாவித்திரி

 

பழைய நடிகைகளை நிலைக்க வைத்தது பேச்சா, பேசாத நடிப்பா என்று தலைப்பு. எதிரணிப் பேராசிரியர் கேட்டார்: "சாப்ளினுக்கு வசனம் இல்லை, உடம்பால் நடித்தார். நம்ம நடிகைகளுக்குத்தான் பக்கம் பக்கமாக வசனம் இருந்ததே, ஒப்பிடலாமா?" நல்ல கேள்விங்க.

பதில் நாமக்கல் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் இருக்கிறது. 1957-இல் வந்த 'மாயா பஜார்' படத்தை இருபது வருஷத்துக்கு மேல் கழித்துப் போட்டார்கள். நான் மணலைக் குவித்து உட்கார்ந்திருக்கிற சின்னப் பையன். பாதியில் சத்தம் நின்றுபோச்சு. படம் மட்டும் ஓடுது. ஆபரேட்டரைத் திட்டத் திறந்த வாய் அத்தனையும் சிரிக்குது! திரையில் கல்யாண மேடை. மணப்பெண் உருவத்தில் கடோத்கஜன், மாப்பிள்ளை தங்கவேலு. சாவித்திரி அம்மா அவர் காலை ஒரே மிதி! அவர் துடித்துத் திரும்பினால், நாணத்தோடு தலைகுனிந்த மணப்பெண்! (கைதட்டல்)

'தி கோல்ட் ரஷ்' 1925-இல் வந்தது. அதில் சாப்ளின் பசியில் பூட்ஸை வேகவைத்துச் சாப்பிடுவார். ஆணியைக் கோழி எலும்பு மாதிரி உறிஞ்சுவார். கோழி எலும்பை எப்படி உறிஞ்சுவது என்று நாமக்கல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டாம்! (சிரிப்பு)

ஆனால் ஒன்று பாருங்கள். சாப்ளின் தெருவில் விழலாம், உதைபடலாம். ஆம்பளை. நம்ம கதாநாயகி விழுந்தால், "குடும்பப் பொண்ணு இப்படியா?" என்று கேட்பார்கள். சாவித்திரி அம்மா காலை அகட்டி நடக்க, மீசையை முறுக்குகிற பாவனை காட்ட, உள்ளே ஒரு அரக்கனை வைக்க வேண்டியிருந்ததே! உடம்பால் சிரிக்க வைக்க ஒரு பெண்ணுக்கு அனுமதிச் சீட்டு அரக்கன்தானா? எனக்கு இது வருத்தம்தான்.

நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1963-இல் 'கொஞ்சும் குமரி' படத்தில் மனோரமா ஆச்சியைக் கதாநாயகியாகவே போட்டது. அந்தத் துணிச்சல் இந்த மண்ணுடையது. 1950-இல் 'பொன்முடி'யில் டி.பி. முத்துலட்சுமியை நடிக்க வைத்ததும் அதே கம்பெனிதான். இயக்கியவர் அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன்.

முத்துலட்சுமி அம்மாவே வசனத்தால் வாழ்ந்தவர்தானே என்பீர்கள். பேராசிரியரே, வீட்டுக்குப் போய் 1963-இல் வந்த 'அறிவாளி'யில் பூரி காட்சியைப் போடுங்கள். சத்தத்தை அடைத்துவிடுங்கள். எல்லாம் தெரிந்த மாதிரி, பஸ்டர் கீட்டன் போல அசையாமல் ஒரு முகம் இருக்கும். எதிரே தங்கவேலு உருகி வழிவார். நீங்கள் சிரிக்காமல் பார்த்து முடித்தால், அடுத்த மேடையில் நான் உங்கள் அணி.