கடைசி அத்தியாயத்திலிருந்து படிப்பவர்கள்

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே நான் வழக்கமாக முடிவெட்டிக்கொள்ளும் கடையின் பெயர்ப்பலகை இதுவரை மூன்று தடவை மாறிவிட்டது. கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருக்கும் படம் மட்டும் மாறவே இல்லை. வெற்று மார்பு, மார்பிலும் கன்னத்திலும் நகக்கீறல், பாயப்போகிற கண்கள். யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, புரூஸ் லீதான். கடைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். சின்ன வயதில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மணல்மூட்டை கட்டி உதைத்துப் பழகியவர்.

ஒருநாள் என் முறை வரும்வரை கையில் இருந்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மேத்யூ பாலி என்ற அமெரிக்கர் எழுதி 2018இல் வெளிவந்த புரூஸ் லீயின் வாழ்க்கை வரலாறு அது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்துப் பேசி எழுதிய தடிமனான ஆங்கிலப் புத்தகம். அட்டையைப் பார்த்ததும் கடைக்காரரின் கத்திரிக்கோல் நின்றுவிட்டது. அவர் கேட்ட முதல் கேள்வி இது: "சார், அவரு எப்படிச் செத்தாருன்னு இதுல போட்டிருக்கா?"

எப்படி வாழ்ந்தார் என்று அவர் கேட்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை, புத்தகக் கடையில் அதைக் கையில் எடுத்ததும் நானும் கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் தேடியிருந்தேன்.

கல்லூரியில் படிக்கும் அவர் மகள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். ஒவ்வொரு நாளும் ராத்திரி படித்துவிட்டு அப்பாவுக்குத் தமிழில் கதை சொன்னாள். அப்பா மறுநாள் கடைக்கு வருகிறவர்களுக்குச் சொன்னார். பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா, ஊரெல்லாம் "சிஸ்டர்" என்று கூப்பிடுகிறவர், மகளிடமிருந்து கேட்டு வாங்கிப் படித்தார். சிலம்பம் கற்றுக்கொடுக்கும் ஆசான் ஒருவர் சவரத்துக்கு வந்த இடத்தில் காதால் கேட்டே முழுசாகத் தெரிந்துகொண்டார். இப்படி ஒரே புத்தகத்துக்கு எங்கள் ஊரில் நான்கு வாசகர்கள் கிடைத்தார்கள். நால்வருக்கும் நான்கு அபிப்பிராயம். இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

முதலில், நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம்.

1973 ஜூலை 20, ஹாங்காங். புரூஸ் லீக்கு வயது 32. 'என்டர் தி டிராகன்' எடுத்து முடித்தாகிவிட்டது. இன்னும் திரைக்கு வரவில்லை. அன்று நடிகை பெட்டி டிங் பெய்யின் அடுக்குமாடி வீட்டில், அடுத்த படத்தைப் பற்றித் தயாரிப்பாளர் ரேமண்ட் சௌவும் லீயும் பேசிக்கொண்டிருந்தார்கள். லீ காட்சிகளை நடித்தே காட்டினார். சாயங்காலம் தலைவலி வந்தது. பெட்டி தன்னிடம் இருந்த ஈக்வாஜெசிக் என்ற வலிமாத்திரையைக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை.

பிரேதப் பரிசோதனையில் உடம்பின் மேல் ஒரு காயமும் இல்லை. ஆனால் சுமார் 1,400 கிராம் இருக்க வேண்டிய மூளை 1,575 கிராம் இருந்தது. மூளை வீங்கியிருந்தது. வயிற்றில் கஞ்சாவின் தடயமும் கிடைத்தது. செப்டம்பரில் நடந்த மரண விசாரணையில் நாள்கணக்கில் அதைப் பற்றியே பேசினார்கள். லண்டனிலிருந்து வந்த தடயவியல் பேராசிரியர் டியர், கஞ்சாவுக்கும் இந்தச் சாவுக்கும் சம்பந்தமில்லை என்றார். மாத்திரையில் இருந்த மருந்து அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறது என்பது அவர் கருத்து. யார் மேலும் குற்றமில்லாத தற்செயல் மரணம் என்று தீர்ப்பு எழுதிக் கோப்பை மூடினார்கள்.

கோப்பைத்தான் மூட முடிந்தது, ஊர்வாயை மூட முடியவில்லை. தாதாக்கள் கொன்றார்கள் என்றார்கள். குங்ஃபூ ரகசியத்தை வெள்ளைக்காரனுக்குக் கற்றுக்கொடுத்ததற்குத் தண்டனை என்றார்கள். வீட்டு வாஸ்து சரியில்லை என்றார்கள். 1975இல் மனைவி லிண்டா ஒரு புத்தகம் எழுதினார். 'என்டர் தி டிராகன்' இயக்குநர் ராபர்ட் கிளவுஸ் 1988இல் ஒன்று எழுதினார். லிண்டாவைப் பிறகு மணந்து சில ஆண்டுகளில் பிரிந்த டாம் பிளீக்கர், 1996இல் ஒன்று எழுதினார். ஒவ்வொரு புத்தகமும் அந்தச் சாவை ஒவ்வொரு வாசல் வழியாகப் போய்ப் பார்த்தது.

பாலி போனது புது வாசல் வழியாக. வெயில்தான் காரணம் என்கிறார் அவர்.

அதற்கு அவர் துணைக்கு அழைப்பது இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு சம்பவத்தை. 1973 மே 10. கோல்டன் ஹார்வெஸ்ட் ஸ்டூடியோவின் டப்பிங் அறை. ஏ.சி. ஓடினால் இரைச்சல் ஒலிப்பதிவில் விழும் என்று அதை அணைத்துவிட்டார்கள். புழுங்கும் அறைக்குள் பேசிக்கொண்டிருந்த லீ மயங்கி விழுந்தார், வலிப்பு கண்டது. அன்றும் மூளையில்தான் வீக்கம். மருத்துவமனைக்குக் கொண்டுபோய் வீக்கத்தைக் குறைக்க மருந்து கொடுத்துக் காப்பாற்றினார்கள். இதற்குமுன் இன்னொன்றும் நடந்திருந்தது: திரையில் வியர்வை வழிவது அழகாக இல்லை என்று, அக்குளில் இருந்த வியர்வைச் சுரப்பிகளை அறுவை செய்து எடுத்துக்கொண்டிருந்தார் லீ. உடம்பில் கொழுப்பே இல்லை. எடையும் குறைந்துகொண்டே வந்தது. ஜூலை 20 அன்றும் ஹாங்காங்கில் கடும் வெக்கை. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, உடம்புச் சூடு தலைக்கேறித்தான் போயிருக்கிறார் என்கிறார் பாலி.

இனி நம் வாசகர்கள்.

கடைக்காரருக்கு மாத்திரையும் பிடிக்கவில்லை, வெயிலும் பிடிக்கவில்லை. "தலைவலி மாத்திரையா? நான் தினம் ஒண்ணு போடுறேன் சார். வெயிலா? நம்ம ஊர்ல பார்க்காத வெயிலா? அந்த உடம்பை இதெல்லாம் என்ன செய்யும்?" என்றார். சொல்லும்போது அவர் கண் என் மேல் இல்லை, கண்ணாடிக்கு மேலே இருந்தது. அந்தப் படத்தில் இருக்கும் ஆள் செத்திருந்தால் பத்துப் பேர் சூழ்ந்து நின்றுதான் சாய்த்திருக்க வேண்டும். ஒரு மாத்திரை சாய்த்தது என்றால் அது படத்தை அவமதிப்பது போல. புத்தகம் அவருக்குப் பொய்யாகப் படவில்லை, சிறுமையாகப் பட்டது.

ஆசான் ஒரே வார்த்தையில் முடித்தார்: "வர்மம்." அவர் சொன்ன கணக்கு இது: இன்ன இடத்தில் இன்ன அளவாகத் தட்டினால் அடிபட்டவன் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவான், நாள் கழித்துத்தான் விழுவான். மேல்தோலில் காயம் இருக்காது. "காயம் இல்லேன்னு டாக்டரே எழுதியிருக்கார்லா? அப்புறம் என்ன?" என்றார். எனக்கு வியப்பாக இருந்தது. ஏனென்றால் 1973இல் ஹாங்காங் தெருக்களிலும் அச்சு அசலாக இதே பேச்சுத்தான் ஓடியது. அங்கேயும் நாள் குறித்துக் கொல்லும் அடி என்று ஒன்றைச் சொல்வார்கள். ஆசான் அந்த ஊரைப் பார்த்ததில்லை. அங்கே பேசியவர்கள் வர்மத்தைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். தற்காப்புக்கலையில் ஊறியவர்களுக்கு, அந்தக் கலையில் உச்சம் தொட்டவனை அந்தக் கலையேதான் வீழ்த்தியிருக்க வேண்டும். வேறு எது வீழ்த்தியிருந்தாலும் மனம் ஒப்பாது.

சிஸ்டர் படித்த விதம் வேறு. முப்பது வருஷத்துக்கு மேல் வார்டில் நின்றவர். கடைசி அத்தியாயத்தைவிட மே 10ஆம் தேதி நடந்ததைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார். "முதல் தடவை வந்ததுதான் சார் எச்சரிக்கை. மெனக்கெட்டு அமெரிக்கா போய் டெஸ்ட் எடுத்திருக்காரு. உடம்பு நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. திரும்பி வந்து பழையபடி ஓட ஆரம்பிச்சுட்டாரு" என்றார். மே 10 நம் பஞ்சாங்கப்படி அக்னி நட்சத்திரக் காலம். கட்டட வேலைக்குப் போய் மயங்கி விழுந்து வருகிறவர்களை அந்த நாட்களில் அவர் நிறையப் பார்த்திருக்கிறார். வாலிபப் பிள்ளைகள், கட்டுமஸ்தான உடம்பு. வெயில் ஆள் பார்ப்பதில்லை என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமில்லை.

அதற்காக அவர் பாலியை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. "அன்னிக்கு உடம்புச் சூடு எத்தனை டிகிரின்னு எங்க எழுதியிருக்கு? பொருந்துது சார். ஆனா பொருந்துறது வேற, நிரூபணம் வேற" என்றார். நான் பல விமர்சனங்கள் படித்திருக்கிறேன்; இந்தப் புத்தகத்தைப் பற்றி இவ்வளவு கச்சிதமாகச் சொன்னவர் அவர்தான். சிறுநீரக மருத்துவர்கள் சிலர் 2022இல் இன்னொரு ஊகத்தை வெளியிட்டார்கள்: நீரை வெளியேற்ற முடியாமல் உடம்பில் சோடியம் குறைந்து மூளை வீங்கியிருக்கலாம் என்று. அதைச் சொன்னபோதும் சிஸ்டர் அதே பதிலைத்தான் சொன்னார்.

நான்காவது வாசகி, கடைக்காரரின் மகள். அவளுக்கு மருந்திலும் வெயிலிலும் அக்கறை இல்லை. மற்ற மூவரும் தாண்டிப்போன ஒரு பக்கத்தில் அவள் நின்றுவிட்டாள்.

லீ இறந்தவுடன் பத்திரிகைகளுக்குச் சொல்லப்பட்டது என்ன தெரியுமா? சொந்த வீட்டில், மனைவியோடு தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்தபோது விழுந்துவிட்டார் என்று. கல்யாணமான ஒரு நட்சத்திரம் வேறொரு நடிகையின் படுக்கையறையில் இறந்தார் என்பது வெளியே வரக்கூடாது; குடும்பத்தின் மானம் போய்விடக் கூடாது, திரைக்கு வரப்போகிற படத்துக்கும் கெட்ட பெயர் வரக்கூடாது. ஆனால் ஹாங்காங் நிருபர்கள் ஆம்புலன்ஸ் எந்த வீட்டுக்குப் போனது என்று விசாரித்தார்கள். சில நாளிலேயே குட்டு உடைந்துவிட்டது.

"அன்னைக்கே உள்ளதைச் சொல்லியிருந்தா இத்தனை கதை வந்திருக்காதுல்லா சார்?" என்று கேட்டாள் அந்தப் பெண். "இடத்தைப் பத்திப் பொய் சொன்னவங்க காரணத்தைப் பத்தி மட்டும் மெய்யா சொல்லுவாங்கன்னு ஜனங்க எப்படி நம்பும்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஐம்பது வருஷமாக உலகம் கொலைகாரனைத் தேடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தேடலுக்கு விதை போட்டது, ஒரு வீட்டின் கௌரவத்தைக் காக்க அவசரத்தில் சொன்ன ஒரு சின்னப் பொய். சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சாவு வீட்டில் நாமும் இப்படிச் சொல்கிறவர்கள்தான். தூக்கில் தொங்கியவரை நெஞ்சுவலி என்போம். குடித்துச் செத்தவரை மஞ்சள்காமாலை என்போம். போகிற உயிருக்கு ஒரு சாக்கு வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். கௌரவமான சாக்காக இருந்துவிட்டால் நல்லது என்று நாம் ஆசைப்படுகிறோம், அவ்வளவுதான்.

நேயர்களே, இந்த நான்கு அபிப்பிராயங்களையும் மனசுக்குள் அடுக்கிப் பார்த்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. இளம் வயதில் போன நட்சத்திரத்தின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்கும்போது நாம் புத்தகத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை. அதில் வரும் சாவுக்குத்தான் போடுகிறோம். இந்த ஆளுக்கு இந்தச் சாவு தகுமா என்பதுதான் நம் கேள்வி. தகாது என்று பட்டால் ஆசிரியர் எத்தனை பேரைப் பேட்டி கண்டிருந்தாலும் எடுபடாது. பெரிய ஆளுக்குப் பெரிய காரணம் வேண்டும் நமக்கு.

இதற்கு சினிமாவும் ஒத்து ஊதியது. அவர் பாதியில் விட்டுப்போன 'கேம் ஆஃப் டெத்' படத்தை மாற்றாட்களை வைத்து முடித்து 1978இல் வெளியிட்டார்கள். அதில் அவருடைய உண்மையான இறுதிச் சடங்கின் காட்சிகளையே சேர்த்துவிட்டார்கள். சவப்பெட்டிக்குள் இருக்கும் அவர் முகம் படத்தின் ஒரு காட்சியாகிவிட்டது. சாவையே கதையாக்கிக் காட்டியாயிற்று. பிறகு ரசிகன் கதையைத் தேடாமல் என்ன செய்வான்?

பாலி செய்தது இதற்கு நேர் எதிரான வேலை. அவர் சொல்லும் வெயில் மெய்யோ இல்லையோ, சாவை மறுபடி ஒரு மனுஷ உடம்புக்குள் கொண்டுவந்து வைத்தார். புழுங்கும் அறை, வியர்க்காத அக்குள், தலைவலி. திரையில் ஏழு பேரை உதைத்துத் தள்ளுகிற உடம்புக்கும் இதெல்லாம் உண்டு என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரிந்தேதான் எழுதியிருக்க வேண்டும்.

போன மாதம் புத்தகம் என்னிடம் திரும்பி வந்தது. எதிர்பார்த்தபடியே கடைசி அத்தியாயங்களின் ஓரம் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறியிருந்தது. நடுப்பக்கங்கள் கடையில் வாங்கியபடி வெள்ளையாக இருந்தன. அந்த வெள்ளைக்கு நடுவில் ஓர் இடத்தில் மட்டும் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. திறந்தால், சவர பிளேடின் காகித உறை, மடித்து அடையாளம் வைத்திருந்தது.

அந்தப் பக்கம் 1970ஆம் வருஷத்தைச் சொல்கிறது. புரூஸ் லீ இன்னும் பெரிய நட்சத்திரம் ஆகவில்லை. ஒருநாள் காலை, உடம்பை முன்கூட்டித் தயார்செய்யாமல் 125 பவுண்டு எடையைத் தோளில் வைத்துக் குனிந்து நிமிர்ந்தார். முதுகில் நரம்பு சேதமாகிவிட்டது. இனி உதைக்கவே முடியாது என்றார்கள் மருத்துவர்கள். மாதக்கணக்கில் படுக்கை. கையில் பணம் இல்லை. லிண்டா சாயங்கால வேலைக்குப் போனார். வீட்டில் இரண்டு குழந்தைகள். படுத்தபடியே நோட்டு நோட்டாக எழுதினார் லீ. அடுத்த வருஷம் தாய்லாந்தில் 'தி பிக் பாஸ்' படத்தில் உதைத்தார். ஆனால் முதுகுவலி கடைசிவரைக்கும் கூடவே இருந்தது.

அடையாளம் வைத்தது யார் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "அப்பாதான் சார். இந்த இடத்தை மட்டும் மூணு தடவை படிச்சுச் சொல்லச் சொன்னாங்க" என்றாள்.

முப்பது வருஷமாக நின்றபடியே வேலை பார்க்கிறவர் கடைக்காரர். ராத்திரி கடை அடைக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பை நிமிர்த்துவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த தடவை போனபோது நானாக அந்தப் பேச்சை எடுக்கவில்லை. துண்டைப் போர்த்திக்கொண்டே அவராகத்தான் சொன்னார், பார்வை கண்ணாடிக்கு மேலேயே இருந்தது:

"அவருக்கும் வலிச்சிருக்கு சார். வலியோடயேதான் அந்த உதை எல்லாம் உதைச்சிருக்காரு."

எப்படிச் செத்தார் என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை.