கல்லெழுத்தும் கலாநிதி பரணவிதானவும்



நம் பதுளை நகரிலே ஒரு நான்முகக் கற்றூண் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சொரபொரக் குளத்தருகே காட்டில் கிடந்த அதனை 1857-இல் உதவி அரசாங்க அதிபர் ஜோன் பெய்லி கண்டார். 1870-இல் அது இங்கே வந்தது. அதிலே 203 வரிகள். பத்தாம் நூற்றாண்டுச் சிங்களம். விஷயம் என்னவென்றால், மகியங்கனை விகாரைக்கு வந்த அரசனிடம் ஓபிட்டிகமச் சந்தை வியாபாரிகளும் ஊராரும், அதிகாரிகள் பழைய கட்டளையை மீறிப் பணம் பறிப்பதாக முறையிடுகிறார்கள். அரசன் தீர்ப்புச் சொல்கிறான்: ஊரைக் கடந்து போகும் சரக்குக்கு வரியில்லை, போயா நாளில் கடை திறக்கலாகாது. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய மனு ஐயா, அது!

இக்கல்லை முதலிலே விக்கிரமசிங்க என்னும் அறிஞர் பதிப்பித்தார். பின்னர் மறுபடி வாசித்துத் திருத்திய பதிப்பைத் தந்தவர் செனரத் பரணவிதான. 1896-இல் காலிக்கு அருகே மெத்தாரம்பவில் பிறந்தவர். போனவிஸ்டாவிலும் பின்பு பிரிவேனாவிலும் படித்தவர். (காலையில் பைபிளும் மாலையில் தேவாரமுமாகப் படித்த எனக்கு இந்தக் கலப்பு நன்றாய் விளங்குகிறது.) கொஞ்சக் காலம் ஆசிரியத் தொழில். 1923-இல் தொல்பொருள் திணைக்களத்திற் சேர்ந்தார். சாசனக் கலை பயில அவர் போன இடம் உதகமண்டலம். நம்மூர்போலக் குளிரும் தேயிலையும் உள்ள மலை. 1936-இல் ஒல்லாந்து லெய்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1940-இல் அத்திணைக்களத்தின் தலைமைப் பதவிக்கு வந்த முதல் இலங்கையர் அவரே. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் 1409-இல் பொறித்த காலிக் கல்லின் தமிழ்ப் பகுதியைப் பதிப்பித்ததும் இந்தச் சிங்கள அறிஞரே. சிகிரியாக் கண்ணாடிச் சுவரிலே பார்க்க வந்தவர்கள் கீறிவிட்டுப் போன 685 பாடல்களை வாசித்து 1956-இல் வெளியிட்டார். மங்கலான கீறல்களோடு எத்தனை நாள் போராடியிருப்பார்!

அப்படிப்பட்டவருக்கும் ஒரு சறுக்கல். 1960-களில், பழைய கற்களின் வரிகளுக்கிடையே வேறு சிற்றெழுத்துக்கள் இருப்பதாகவும், அவற்றிலே ஸ்ரீவிஜய நாட்டுச் சரித்திரம் அடங்கியிருப்பதாகவும் எழுதினார். மற்ற அறிஞர் கண்ணுக்கு அவை தென்படவேயில்லை. 1972-இல் காலமாகும்வரை அவர் அக்கொள்கையை விடவில்லை. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. காணவேண்டுமென்ற ஆசை காட்டித் தந்தது என்றே எண்ணுகிறேன்.

ஏனெனில் அதை நானே செய்திருக்கிறேன். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மணியிலே உபயகாரர் பெயரொன்று தேய்ந்து கிடக்கிறது. கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். என் பாட்டனாரின் பெயராகவே தெரிந்தது. லயம் முழுக்கச் சொல்லியாயிற்று. அம்மா தேங்காய்கூட உடைத்துவிட்டார். பிறகொரு நாள் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், கடைசி எழுத்து ‘யா’ அல்ல, ‘யி’! பாட்டனார் இல்லை, யாரோ ஒரு பெண்பிள்ளை. கொழுந்தெடுத்த கூலியிலே மிச்சம்பிடித்து மணி வாங்கிக் கொடுத்தவளாயிருக்கலாம். இதுவும் என் ஊகந்தான், கல்லிலில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பெண்மணியை அறிந்த பெரியவர்கள் இங்கே இருந்தால், கூட்டம் முடிந்ததும் தயவுசெய்து என்னைக் கூப்பிடுங்கள்.