வெண்திரையில் நடந்த போர்

(தமிழ்த் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)

1895 டிசம்பரில் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுத் திரைப்படம் காட்டினர். அதன்பின் மூன்று ஆண்டுகள் நிறையுமுன்பே அக்கலை போருக்கு அழைக்கப்பட்டுவிட்டது. 1898இல் கியூபாவை முன்னிட்டு அமெரிக்கா ஸ்பெயினுடன் போரிட்டது. சாந்தியாகோ கடற்போரைக் காட்டும் படமொன்று நியூயார்க்கிலேயே தயாரானது. கத்தரித்தெடுத்த கப்பல் புகைப்படங்கள், தண்ணீர் நிரப்பிய தொட்டி, சிறிது வெடிமருந்து, சுருட்டுப் புகை ஆகியவையே அதன் மூலப்பொருள்கள். தயாரித்தவர்களுள் ஒருவரே இதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

முதல் உலகப்போரில் இவ்வேலை அரசின் துறையாயிற்று. 1916 ஜூலை 1 அன்று பிரான்சின் சோம் போர்முனையில் ஒரே நாளில் 19,000க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் மாண்டனர். அடுத்த மாதமே ‘சோம் போர்’ என்னும் படம் பிரிட்டனில் திரையிடப்பட்டது. ஆறு வாரங்களில் சுமார் 2 கோடி நுழைவுச்சீட்டுகள் விற்றன. அதில் காயம்பட்டோரும் இறந்தோரும் மெய்யாகவே இருந்தனர். ஆனால் பதுங்குகுழியிலிருந்து வீரர்கள் ஏறிப் பாயும் புகழ்பெற்ற காட்சி, போர்முனைக்குப் பின்னாலிருந்த பயிற்சி முகாமில் நடிக்கப்பட்டது. தொண்ணூறு பங்கு உண்மையோடு கலந்த பத்துப் பங்கு பொய்யைப் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஜெர்மனியில் இராணுவத் தளபதி லூடன்டார்ஃப் 1917 ஜூலையில் எழுதிய கடிதம் படத்தொழிலை ஒருமுகப்படுத்தக் கோரியது. ஆண்டு இறுதிக்குள் ‘ஊஃபா’ நிறுவனம் உருவாயிற்று. டாய்ச் வங்கியும் பெருமுதலாளிகளும் முன்னே நின்றனர். அரசு தன் பங்கை மறைத்துக்கொண்டது. இராணுவமும் நிதிமூலதனமும் கைகோத்ததற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பிரச்சாரத்தின் மறுபக்கம் தணிக்கை. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் படையினர் இழைத்த கொடுமைகளைக் காட்டி ராபர்ட் கோல்ட்ஸ்டீன் ஒரு படம் எடுத்தார். 1917இல் பிரிட்டன் நேசநாடாகிவிட்டதால் படம் பறிமுதல் செய்யப்பட்டது. உளவுச் சட்டத்தின்கீழ் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பின்னர் தண்டனை குறைக்கப்பட்டது. இந்தியத் திரைப்படச் சட்டத்தைக் காலனி அரசு இயற்றிய 1918ஆம் ஆண்டும் போர்க்காலமே.

நம் இயக்கமும் திரையைப் பயன்படுத்தியது. 1919 ஆகஸ்டில் லெனின் கையொப்பமிட்ட ஆணை படத்தொழிலை நாட்டுடைமையாக்கியது. உள்நாட்டுப் போரின்போது பிரச்சார ரயில்கள் கிராமங்களுக்குப் படம் கொண்டுசென்றன. ஆயினும் நான் மிகவும் மதிப்பது எஸ்ஃபிர் ஷுப் என்னும் பெண் தொகுப்பாளரின் பணி. ஜார் குடும்பம் தன் பெருமைக்காக எடுத்துவைத்த படச்சுருள்களையும் பழைய செய்திப்படங்களையும் தேடியெடுத்து, ‘ரோமனோவ் வம்சத்தின் வீழ்ச்சி’ என்னும் படத்தை 1927இல் தொகுத்தார். அரச விருந்தை அடுத்து உழைப்போரின் வியர்வையை வைத்தார். புதிதாக எதையும் நடிக்கவைக்காமலேயே ஆண்டோரின் படங்களை ஆண்டோருக்கே எதிரான சாட்சியாக்கினார்.

ஊமைப்படத்தில் பேசியது இடையிடையே வந்த எழுத்து அட்டையே. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அதன் வலிமையை நான் அறிவேன். ஒரே பிணத்தின் படத்தின்கீழ் ‘தியாகி’ என்றும் எழுதலாம், ‘எதிரி’ என்றும் எழுதலாம்.

இன்று அந்த அட்டையை எழுதும் வாய்ப்பு ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் இருக்கிறது. ஆகவே ஒரு வேண்டுகோள். நம் பக்கத்திற்கு உதவும் என்பதற்காக, எங்கே எப்போது எடுத்ததென்று தெரியாத படத்தைப் பகிராதீர்கள். ஒருமுறை பொய்யெனத் தெரிந்துவிட்டால், நாளை நாம் காட்டும் உண்மையான பிணத்தையும் மக்கள் நம்பமாட்டார்கள். அந்த இழப்பு போரை விரும்புவோருக்கே ஆதாயம்.